மருந்து

கரிசக்காட்டில் வேதியியல் என்ற சொல் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வந்ததில்லை. வெளியே அதற்கு ஒரே பெயர்தான், மருந்து. பருத்திக்கு அடிப்பது மருந்து. தீக்குச்சியின் தலையை முக்கி எடுப்பது மருந்து. கிணறு வெட்டுகையில் பாறையில் குழியடித்துத் திணிப்பது வெடிமருந்து, பேச்சுவாக்கில் அதுவும் மருந்துதான். எலிக்கு வைப்பது, பிள்ளை பெற்றவளுக்கு இடித்து உருட்டிக் கொடுப்பது, கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் சீட்டை நீட்டி வாங்கி வருவது, எல்லாம் மருந்து. மருமகன் மாமியார் வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டால் ‘மருந்து வச்சிட்டாக’ என்பார்கள். ‘மருந்து குடிச்சிட்டான்’ என்று விளாத்திகுளம் பஸ்ஸில் யாராவது தாழ்ந்த குரலில் சொன்னால் எந்த மருந்து என்று ஒருவரும் கேட்பதில்லை. பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

கல்லூரியில் வேதியியல் எடுத்துப் படித்த காலத்தில் இந்தச் சொல் எனக்குக் கூச்சமாக இருந்தது. விஷத்துக்கும் மருந்துக்கும் வித்தியாசம் தெரியாத ஊரா இது என்று நினைப்பேன். எங்கள் புதூரிலேயே இத்தனை வருஷம் இருந்துவிட்ட பிறகு, வித்தியாசம் தெரிந்ததால்தான் ஒரே பெயர் வைத்தார்களோ என்று தோன்றுகிறது.

ஆல்ஃபிரட் நோபெலின் கதையில் இதற்கு ஒரு சாட்சி உண்டு. நைட்ரோகிளிசரினை முதலில் தயாரித்தவர் இத்தாலியின் சொப்ரேரோ, 1840-களில். அதை நாக்கில் தொட்டுப் பார்த்துத் தலைவலியில் துடித்தவரும் அவரே. அதை வியாபாரமாக்கியவர் நோபெல். 1864-இல் ஸ்டாக்ஹோம் பட்டறை வெடித்தபோது இறந்தவர்களில் அவருடைய தம்பி எமிலும் ஒருவர். அதற்குப் பிறகுதான் அந்த எண்ணெயை ஒருவகை மண்ணில் ஊறவைத்துச் சாதுவாக்கும் வித்தை பிடிபட்டு, 1867-இல் டைனமைட் ஆனது. கிணற்றுவெட்டுக்காரர்கள் கையில் தோட்டா வந்துசேர்ந்த வழி அது. முப்பது வருஷம் கழித்து நோபெலுக்கு நெஞ்சுவலி. மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தது அதே நைட்ரோகிளிசரின். சாவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1896 அக்டோபரில், தன் உதவியாளருக்கு எழுதிய கடிதத்தில் இந்த விதியின் கிண்டலைக் குறிப்பிடுகிறார். கடைக்காரரும் ஜனங்களும் பயந்துவிடாதிருக்க டிரைநைட்ரின் என்று வேறு பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். அவர்கள் மொழிக்கு அங்கே இரண்டு பெயர் வேண்டியிருந்தது. எங்கள் ஊர்க் கிணற்றுவெட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்திருந்தால் பெயர் மாற்றும் வேலையே இல்லை.

1895 நவம்பர் 27-ஆம் தேதி பாரிஸில் கையெழுத்தான அவருடைய உயிலில், வேதியியல் பரிசுக்கான வரி எனக்குப் பிடித்த ஒன்று. இயற்பியலுக்குக் கண்டுபிடிப்பு அல்லது புத்தாக்கம் என்று எழுதுகிறவர், வேதியியலுக்கு வரும்போது கண்டுபிடிப்பு அல்லது மேம்பாடு என்கிறார். மேம்பாடு! பட்டறையில் கை சுட்டுக்கொண்டவர் எழுதிய சொல். வேதியியலில் பாதி வேலை இருப்பதைச் சீர்செய்வதுதான் என்று தெரிந்தவர் எழுதியது.

அந்தச் சொல்லை வைத்துப் பார்த்தால் பரிசுக்கு முழுத் தகுதியுள்ள ஒரு பொருள் எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு கிடக்கிறது. இரண்டு ரூபாய்த் தீப்பெட்டி. அதுவும் சுவீடன் சரக்குதான். பழைய தீக்குச்சியின் தலையிலேயே வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. எதில் உரசினாலும் பற்றும், சட்டைப்பையிலும் பற்றும். அதன் புகையை நாள் முழுக்கச் சுவாசித்த தொழிலாளிகளுக்குத் தாடையெலும்பு அழுகியது. லண்டனில் பிரையன்ட் அண்டு மே தொழிற்சாலைப் பெண்கள் 1888-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள், அவர்களுடைய குறைகளின் பட்டியலில் தாடை நோயும் இருந்தது. சுவீடனில் 1844-இலேயே குஸ்தாவ் எரிக் பாஷ் ஒரு யோசனை கண்டிருந்தார். சண்டைபோடும் இருவரைத் தனித்தனி வீட்டில் குடிவைக்கிற மாதிரி, குளோரேட்டைக் குச்சியின் தலையிலும், விஷமில்லாத சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கவாட்டிலும் வைத்துவிடுவது. யென்ஷோப்பிங் ஊரின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைத் தொழிலாக்கினார்கள். வெள்ளைப் பாஸ்பரஸுக்கு எதிராக 1906-இல் பெர்னில் உலக நாடுகள் சில ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் 1913-இல் தடைச் சட்டம் வந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி 1923-இல் ஆரம்பித்தார்கள். பத்தே வருஷ இடைவெளியில் எங்கள் ஜனங்களின் தாடை தப்பித்தது. அதே 1923-இல் சுவீடன் கம்பெனியும் விம்கோ என்ற பெயரில் இந்தியாவுக்குள் வந்து, இவர்களுக்குப் போட்டியாக உட்கார்ந்தது தனிக்கதை.

ஒரே நாட்டிலிருந்து இரண்டு சாமான் இங்கே வந்திருக்கின்றன. வருஷா வருஷம் அக்டோபரில் ஒரு செய்தி, வருஷம் முழுக்கத் தீப்பெட்டி. செய்தி வந்த நாளில் எங்கள் தெருவில் யாரும் தலைநிமிர்ந்து பார்த்ததில்லை. தீப்பெட்டி இல்லாமல் யாரும் அடுப்புப் பற்றவைத்ததில்லை.

கம்பெனி, தொழிற்சாலை என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை இங்கே. தீப்பெட்டி ஆபீஸ். அம்மா ஆபீஸுக்குப் போனாள் என்றால் பேனா பிடிக்கப் போனாள் என்று வெளியூர்க்காரன் நினைத்துக்கொள்வான். கட்டை அடுக்குவாள். வரிவரியாகக் காடி வெட்டிய சட்டங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாகச் சரித்து அடுக்கி, தலைகள் ஒரே மட்டத்தில் நிற்கும்படி இறுக்கிக் கொடுக்க வேண்டும். அப்புறம் மெழுகில் முக்கி, மருந்தில் முக்குவார்கள். குளோரேட்டு, கந்தகம், கண்ணாடித்தூள், வஜ்ஜிரம் கலந்த குழம்பு அது. மருந்து கலக்குகிற ஆள்தான் அங்கே பெரியவர். அவர் சொல்லும் முதல் விதி, பக்கவாட்டு மருந்து வாளியும் தலைமருந்து வாளியும் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. பாஷின் காப்புரிமையை அவர் படித்ததில்லை. விரல்நுனியில் ஒரு பழைய தீக்காயத் தழும்பாக அதை எழுதிவைத்திருந்தார்.

விடிவதற்கு முன் வேன் வந்து சுற்று வட்டாரக் கிராமங்களில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலத்தைப் பார்த்தவன் நான். மழை பொய்த்தால் அந்த வேனில் இடம் கிடைக்காது. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்குப் பிறகும் அது உடனே நிற்கவில்லை. பூமணி எடுத்த ‘கருவேலம் பூக்கள்’ வந்தபோது, எங்களில் பலருக்கு அது படமாகவே படவில்லை. இப்போது பெரும்பாலும் மெஷின். பிள்ளைகள் பள்ளிக்கூட வேனில் போகிறார்கள், அதுவும் விடியற்காலையில்தான் வருகிறது.

அம்மா கட்டை அடுக்கிய கூடத்தில் ஆண் குரல் அபூர்வம். பரிசு மேடையில் கதை தலைகீழ். 1901 முதல் 2025 வரை வேதியியல் பரிசு பெற்ற 198 பேரில் பெண்கள் 8 பேர். 1964-இல் டாரதி ஹாட்ஜ்கினுக்குப் பிறகு அடுத்த பெண் வர 45 வருஷம் ஆயிற்று. அவர் இஸ்ரேலின் அடா யோனத். 2009-இல் அவரோடும் தாமஸ் ஸ்டைட்ஸோடும் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

அந்த அக்டோபர் நன்றாக நினைவிருக்கிறது. தமிழ்நாடே ஒரு நாள் அவருக்குச் சொந்தக்காரர் ஆயிற்று. அவரோ மூன்று வயதில் சிதம்பரத்தை விட்டு பரோடாவுக்குப் போனவர். அவர் ஒருநாளும் படிக்காத பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பாடம் எடுத்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள்கூட இருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள் குவிந்து வேலை கெடுகிறது என்றும், பிறந்த நாடு என்பது தற்செயல் என்றும் அவர் சொல்லிவிட்டார். இங்கே பலர் முகம் சுருங்கிற்று. எனக்கு அப்போதே அவர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. பரிசு கிடைத்தவுடன் முளைக்கிற சொந்தம், நிலம் விற்ற மறுநாள் வீட்டுக்கு வருகிற சொந்தம் மாதிரி. இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, மறுபடி மாணவனாக உட்கார்ந்து உயிரியல் படித்து, சுமார் 50 கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டும் வேலை கிடைக்காமல் நின்ற காலத்தில் இந்த மின்னஞ்சல்காரர்கள் யாரும் அவருக்கு ஒரு தபால் கார்டு போடவில்லை.

அவரைச் சிதம்பரத்தின் பெயரால் இழுக்க வேண்டாம். பருத்திக்கொட்டையின் பெயரால் இழுக்கலாம், அதில் எங்களுக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

ரைபோசோம் என்பது உயிரணுவுக்குள் புரதம் கட்டும் இடம். பூக்கட்டும் பெண்ணை நினைத்துக்கொள்ளலாம். மூன்று மல்லி, ஒரு மரிக்கொழுந்து, இரண்டு கனகாம்பரம் என்று யாரோ சொல்லச் சொல்லக் கைபாட்டுக்குக் கட்டிக்கொண்டே போகும். ரைபோசோமுக்குச் சொல்கிறவர் தூது ஆர்.என்.ஏ. மூன்று எழுத்துக்கு ஒரு அமினோ அமிலம், மொத்தம் இருபது வகைப் பூ. அந்தக் கை எப்படி விரலை மடக்குகிறது, தவறான பூவை எப்படிக் கீழே போடுகிறது என்று அணு அணுவாகப் படம் பிடித்ததற்குத்தான் அந்தப் பரிசு. பாக்டீரியாவின் ரைபோசோமில் எந்த இடுக்கில் போய் உட்கார்ந்து டெட்ராசைக்ளின் வேலையை நிறுத்துகிறது என்பதும் அதில் தெரியவந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு மருந்து.

பருத்திக்கொட்டை கதை அதற்கும் முந்தியது. எங்கள் பக்கம் மானாவாரி விதைப்பு மழைக்கு முன்னாலேயே நடக்கும். பருத்திக்கொட்டையைச் சாணியில் புரட்டிக் காயவைத்து, புரட்டாசிப் புழுதியில் போட்டுவிடுவார்கள். ஈரம் ஒரு பொட்டு இருக்காது. வாரக்கணக்கில் விதை கிடக்கும். ஐப்பசி மழை விழுந்த மூன்றாம் நாள், நான்காம் நாள் முளை தெரியும். உலர்ந்து கிடந்த விதைக்கு எங்கிருந்து அத்தனை அவசரம்? 1965-இல் ‘சயன்ஸ்’ இதழில் அமெரிக்க ஆய்வாளர் இருவர் எழுதினார்கள். விதை புதிதாகத் தூது ஆர்.என்.ஏ. எழுதிக்கொள்ள முடியாதபடி ஒரு மருந்து கொடுத்துத் தடுத்துப் பார்த்தார்கள். அப்படியும் அது முளைத்தது, புரதமும் கட்டியது. ஆக, செடியில் காயாக இருந்த காலத்திலேயே எழுதி மடித்து உள்ளே வைத்த ஓலை அது. ரைபோசோமும் பக்கத்திலேயே கைகட்டிக் காத்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் வாசித்துக் கட்ட ஆரம்பித்துவிடுகிறது. அவர்கள் ஆராய்ந்த விதை, பருத்தி. உலகத்தில் எத்தனை விதை இருக்க, கரிசக்காட்டு விதையாகவே அது அமைந்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

சொந்தம் கொண்டாடியே தீர வேண்டும் என்றால் அதற்குத் தகுந்த ஒருவர் சென்னையிலேயே இருந்தார். ஜி. என். ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகம். கங்காரு வால் தசைநாரை ஆராய்ந்து, 1954-இல் கொலாஜென் மூன்று இழை முறுக்கு என்று சொன்னவர். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எதில் மடங்க முடியாது என்று 1963-இல் இருவரோடு சேர்ந்து ஒரு வரைபடம் போட்டார். அந்த இருவரில் ஒருவர் பெயரும் ராமகிருஷ்ணன், இவர் வேறு. இன்றுவரை உலகில் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், ரைபோசோமுக்குள் இருக்கும் புரதங்கள் உட்பட, சரிதானா என்று பார்ப்பது ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான். பரிசு வரவில்லை. 2001-இல் காலமானார். தராசுக்கு யாரும் மாலை போடுவதில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆறுதலுக்கு.

யூரியாவுக்கு மாலை விழுந்திருக்கிறது, மூன்று முறை. காற்றில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு நைட்ரஜன். பயிர் அதில் மூழ்கி நின்றுகொண்டே அதற்காக ஏங்கும். அந்த நைட்ரஜனைப் பிடித்து அமோனியா ஆக்கியதற்கு ஃபிரிட்ஸ் ஹேபருக்கு 1918-ஆம் ஆண்டின் பரிசு. அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்ததில் கார்ல் போஷுக்கு 1931-இல். இரும்புத் துகளின் மேற்பரப்பில் அந்த வினை எப்படி நடக்கிறது என்று விளக்கியதற்கும் சேர்த்து கெர்ஹார்ட் எர்ட்லுக்கு 2007-இல். தூத்துக்குடி ஸ்பிக் ஆலையிலிருந்து லாரியேறி வரும் 45 கிலோ மூடையில் இந்த மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹேபர் தனியாகவும் வந்தவரில்லை. 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி ஈப்ர் போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிடும்போது கூடவே நின்று மேற்பார்த்தவர் அவர். பத்து நாளில் அவர் மனைவி கிளாரா, அவரும் வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர், தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். அமோனியாவும் அந்தப் போரில் உரமாவதை விட்டு வெடிமருந்தாயிற்று.

இதே வரிசையில் இன்னொன்று. டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்று கண்ட பால் முல்லருக்கு 1948-இல் பரிசு கொடுத்தார்கள். வேதியியலுக்கான பரிசு அல்ல, மருத்துவத்துக்கானது. பூச்சிமருந்தை மருந்துக் கணக்கில்தான் ஸ்டாக்ஹோமும் எழுதியது. அதைப் படித்த அன்று எங்கள் ஊர் பாஷையின் மேல் எனக்கிருந்த கூச்சம் சுத்தமாகப் போயிற்று.

உளுந்தும் பாசிப்பயறும் ஐந்நூறு டிகிரி சூடோ இருநூறு மடங்கு அழுத்தமோ இல்லாமல் வேர்முடிச்சில் அதே நைட்ரஜனைப் பிடித்துவைக்கின்றன. அந்த முடிச்சுகளை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த பின்லாந்தின் விர்டானனுக்கு 1945-இல் வேதியியல் பரிசு கிடைத்தது, பெயர் சொல்லிக் கிடைத்தது என்னவோ மாட்டுத்தீவனத்தைக் கெடாமல் சேமிக்கும் முறைக்கு. பருத்திக்கு ஊடுபயிராக உளுந்து போடுகிறவர்களுக்கு இது புதுச்செய்தி இல்லை. ‘உளுந்து போட்ட காடு அடுத்த வருசம் தெம்பா இருக்கும்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

2025 அக்டோபர் 8, புரட்டாசி மாதம். உரக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் சின்னையா. மூடை வாங்க இப்போது ஆதாரும் ரேகையும் வேண்டும், வரிசை ஆமை மாதிரி நகர்ந்தது. கைப்பேசியில் வேதியியல் பரிசுச் செய்தி வந்தது. ஜப்பானின் கிடகாவா, ஆஸ்திரேலியாவின் ராப்சன், அமெரிக்காவின் ஓமர் யாகி. யாகி ஜோர்தானில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். எப்போதாவது சில மணி நேரம் வரும் தண்ணீரைப் பிடித்து நிரப்பிவைப்பது சிறுவனாக இருந்தபோது அவர் வேலை.

“யாருக்காம்யா?” என்றார் சின்னையா.

சொன்னேன். உலோகத்தை முளையாகவும் கரிமக் கம்பிகளைக் கழியாகவும் வைத்து, கண்ணுக்குத் தெரியாத பந்தல் போடுகிறார்கள். பந்தலுக்குள் எல்லாம் காலி அறை. ராத்திரிக் காற்றில் இருக்கும் ஈரம் உள்ளே போய் ஒதுங்கிக்கொள்ளும். பகலில் வெயில் பட்டதும் வெளியே வரும், தண்ணீராகப் பிடித்துக்கொள்ளலாம்.

“இது நம்ம மண்ணு செய்யிறதுதான,” என்றார். “தை மாசம் மல்லி எதுல வெளயுது? மழையா பேயுது? பனிதான்.”

முழுக்கச் சரியில்லை. கரிசல் மண் களிமண் ஏடுகளுக்கு நடுவே மழைநீரைப் பிடித்து, ஊதி, பிறகு காய்ந்து பாளம் பாளமாக வெடிப்பது. கொத்தமல்லி விளைவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் குடித்து வைத்த அந்த ஈரத்தில். பனி கொஞ்சம் துணை. ஆனாலும் அவர் பிடித்த நூல் சரியான நூல். ஏடுகளுக்கிடையே தண்ணீருக்கு இடம் விட்டுவைப்பதுதான் விஷயம். நான் திருத்தவில்லை.

“ஒரு கிலோப் பொடிக்கு நாளைக்கு எவ்வளவு தண்ணி கெடைக்கும்?”

அமெரிக்காவின் மோஹாவி பாலைவனத்தில் யாகியின் குழு செய்துபார்த்த கணக்கு 2019-இல் வந்திருந்தது. ஒரு கிலோவுக்கு 0.7 லிட்டர்.

“முக்கால் செம்புக்குக் கொஞ்சம் கொறச்சல்.”

தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு உப்பில்லாத தண்ணீர் தேடிப் போன வீட்டுக்காரர் அவர். விரல்விட்டு எண்ணினார்.

“அப்பக் கொடத்துக்கு இருவது கிலோ. வீட்டுக்கு அஞ்சு கொடம்னு வையி. நூறு கிலோ, ரெண்டு மூடைக்கு மேல போகுது.” யூரியா மூடைக் கணக்கு. “மூடை என்ன வெலையாம்?”

செய்தியில் அது இல்லை. அதற்குள் அவர் முறை வந்துவிட்டது. பெருவிரலை வேட்டியில் அழுத்தித் துடைத்துக்கொண்டு ரேகை வைக்கப் போனார்.